38 வினாடியில் மனநலம்: ஒரு மாதம் பார்த்தவளின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செயலிகளில் ஓடும் மனநலக் குட்டி வீடியோக்கள் விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை டாக்டரிடம் போகவைத்ததே ஒரு 38 வினாடி வீடியோதான். அந்த நன்றி இருக்கிறது. இன்னொரு பக்கம், வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுவது என் பிழைப்பு. ஒரு நிமிடத்தில் நூறு சொச்சம் சொல்தான் அடங்கும், அதற்குள் எதை வெட்டினால் எது காணாமல் போகும் என்பது கைக்கே தெரியும். எதைப் பார்த்தாலும் வெட்டுப்பட்டது என்ன என்று தேடுகிற வியாதியும் கூடவே வந்துவிட்டது. இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அந்த 38 வினாடியில் இருந்தது இவ்வளவுதான். ஒரு பெண் டாக்டர், பின்னால் வெறும் சுவர், இசை கிடையாது. "விடியக்காலை மூணு, நாலு மணிக்கே முழிப்பு வந்துடுதா? அப்புறம் எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வரலையா? காலையில மனசு கனமா இருந்து, சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாகுதா? ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே போச்சுன்னா வயசாகுதுன்னு விட்டுடாதீங்க. ஒரு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

நான் அப்போது அழுதுகொண்டெல்லாம் இருக்கவில்லை. சோகம் என்று சொல்லும்படியும் ஒன்றுமில்லை. யார் பேசினாலும் எரிச்சல், வருடக்கணக்காகச் செய்கிற வேலையில் ஒரே வரியை நாலு தடவை படிக்க வேண்டியிருந்தது, மூன்றரைக்கு டாண் என்று முழிப்பு. இதற்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை. போன இடத்தில் பிஎச்கியூ-9 என்ற தாளைக் கொடுத்தார்கள். ஒன்பது கேள்வி, எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று ஒன்பதாவது கேள்வி நேராகவே கேட்கும். எனக்கு 16 வந்தது. 15ஐத் தொட்டாலே ஓரளவு கடுமையானது என்ற வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். தாளை வைத்து மட்டும் அந்த டாக்டர் முடிவு செய்யவில்லை, அரை மணி நேரம் பேசினார். தைராய்டுக்கு ரத்தமும் எடுக்கச் சொன்னார். சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வருமாம்.

ஆக, அந்த வீடியோ எனக்கு என்ன நோய் என்று சொல்லவே இல்லை. டாக்டரிடம் சொல் என்றது, அதோடு நிறுத்திக்கொண்டது. இதை எழுத ஆரம்பித்தபோது அது எவ்வளவு அரிதான குணம் என்று எனக்குத் தெரியாது.

எழுத வைத்தவன் என் அக்கா மகன். வயது 17.

"சித்தி, எனக்கு ஏடிஎச்டி."

"யாருடா சொன்னா?"

"ஏழு சைன் போட்டிருந்தாங்க. ஏழும் எனக்கு இருக்கு."

கவனம் ஓரிடத்தில் நிற்காத, அளவுக்கு மீறித் துறுதுறுக்கிற குறைபாட்டுக்குத்தான் ஏடிஎச்டி என்று பெயர். வீடியோவைக் காட்டினான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு அறிகுறி. பேனா மூடியைக் கடிப்பது இன்னொன்று. மெசேஜைப் படித்துவிட்டு பதில் போட மறப்பது மூன்றாவது. ஏழில் ஆறு எனக்கும் இருந்தது. அக்காவுக்கு ஏழும் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை நாளாகத் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு பெயர் கிடைத்த நிம்மதி. அதை நானும் அனுபவித்தவள், அதனால் சிரிக்க முடியவில்லை. பழைய போன் ஒன்றில் புதுக் கணக்கு திறந்தேன். 30 நாள், தினமும் அரை மணி நேரம், மனநலம் சம்பந்தப்பட்ட குட்டி வீடியோக்களும் ஸ்லைடு பதிவுகளும் மட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு. எந்தச் செயலி என்று சொல்லப்போவதில்லை. அவன் போனில் இருக்கும் மற்ற இரண்டையும் எட்டிப் பார்த்தேன், சரக்கு ஒன்றுதான், உறைதான் வேறு.

முதலில் மொழிப் புகார். தேடும் பெட்டியில் 'மன அழுத்தம்' என்று அடித்தேன். வந்தவற்றில் பாதி வேலைப்பளுவைப் பற்றியவை, பாதி டிப்ரஷனைப் பற்றியவை. தமிழில் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டுக் கலக்கிவிட்டோம். பரீட்சை நெருங்கும்போது வருவது அழுத்தம், பரீட்சை முடிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு பரீட்சை முடிந்ததா என்று பார்க்காது. ஒரு வீடியோவில் வாயால் சொல்வது டிப்ரஷன், கீழே ஓடும் எழுத்தில் 'மன அழுத்தம்', தீர்வாகச் சொல்வது இரண்டு நாள் லீவு. என் தொழில்காரர் யாரோ செய்த வேலை, எனக்கே வெட்கமாக இருந்தது. 'மனச்சோர்வு' என்று சரியாகத் தேடினால் வருவது குறைவு, வந்தவை தரமானவை. ஓசிடி பாடு இன்னும் மோசம். மேசையை நேராக அடுக்கி வைப்பவர்களெல்லாம் அந்தப் பெயரில் வீடியோ போடுகிறார்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடுகிற ஒருவர் இதைப் பார்த்தால் தன்னுடையது வேறு ஏதோ என்றுதான் நினைப்பார்.

அறிகுறிப் பட்டியல் வகையை மொத்தமாகவே ஒதுக்கச் சொல்வேன். என் எரிச்சலை மட்டும் நம்ப வேண்டாம். 2022இல் கனடா ஆய்வாளர்கள் டிக்டாக்கில் ஏடிஎச்டி பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 வீடியோக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 52 தவறான தகவல் தருபவை, 27 சொந்த அனுபவம், உருப்படியாகப் பயன்படுபவை 21. ஏடிஎச்டிக்குக் கேட்கப்படுகிற நிபந்தனைகளில் மூன்று எனக்கு முக்கியமாகப் பட்டன. 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல பத்து வினாடி போதும், நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பேனா மூடிக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். நிபந்தனை சொன்னால் 'இது நான் இல்லை' என்று ஆள் நகர்ந்துவிடுவார். பேனா மூடி என்றால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

சொந்த அனுபவம் சொல்கிறவர்களுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குக் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது. (அவர்கள் காசு எதுவும் வாங்கவில்லைதான். கண்ணை வாங்கிக்கொண்டார்கள்.) ஒரு ஓட்டுநர், வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே பேசுகிறார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, செத்துவிடுவோம் என்றே நினைத்து ஓரம் கட்டினார். மருத்துவமனையில் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள், பேனிக் அட்டாக் என்றார்கள். "பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய்ட்டு அப்புறம் தானா இறங்கிடும்னு டாக்டர் சொன்னாரு. அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு பாதி பயம் போச்சு." முடிக்கும்போது ஒன்று சொன்னார் பாருங்கள்: "ஆனா முதல் தடவை வந்தா இது பேனிக்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. நெஞ்சைக் காட்டிட்டு வாங்க." அந்த கடைசி வரிக்காகவே நோட்டில் மூன்று கோடு போட்டேன். பல டாக்டர்களின் வீடியோக்களிலேயே அந்த வரி இல்லை.

மனநோய் மீதான வெறுப்பைக் குறைக்க எது உதவும் என்று பார்த்த 72 ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது, பேட்ரிக் கோரிகன் குழுவினருடையது. பெரியவர்களின் மனதை மாற்றுவது, அந்த நோயோடு வாழ்கிறவரைச் சந்திப்பதுதான் என்கிறது அது. பதின்பருவத்தினருக்கு விளக்கிச் சொல்வதே கூடுதலாக வேலை செய்கிறது. வீடியோவில் பார்ப்பதைவிட நேரில் சந்திப்பதற்குப் பலன் அதிகம் என்பதும் அதில் உண்டு. ஓட்டுநர் என்னை ஏன் பிடித்து நிறுத்தினார், அக்கா மகன் அவரை ஏன் பாதியிலேயே தள்ளிவிட்டான் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நல்ல உள்ளடக்கம் என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை போலிருக்கிறது. என் வயதுக்கு ஓட்டுநர் வேண்டும், அவன் வயதுக்குப் பாடம் வேண்டும். அவனுக்கோ செயலி பேனா மூடியைக் கொடுக்கிறது.

இனி பெரிய குறை. பத்தாவது நாள் வாக்கில் என் ஃபீட் இருண்டுபோனது. இருட்டறையில் அழும் முகங்கள், மெல்லிய பியானோ, 'யாருக்கும் நான் வேண்டாம்' என்ற எழுத்து. நான் எதற்கும் லைக் போடவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் நானேதான். அந்த வகை வீடியோக்களில் சப்டைட்டில் பிழை அதிகம், ஒற்று விட்டிருக்கும், ணகர னகரம் மாறியிருக்கும். தொழில் புத்தியில் ஒவ்வொன்றையும் கடைசி வரை பார்த்தேன், சிலதை இரண்டு தடவை. நான் பிழை தேடுகிறேன் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? இவளுக்கு அழுகை பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றாய் என்பதற்கே அங்கே கனம். ஏன் நின்றாய் என்று கேட்க ஆளில்லை. நிஜமாகவே தூக்கமில்லாமல், நிஜமாகவே யாருக்கும் வேண்டாதவளாகத் தன்னை நினைத்துக்கொண்டு ஒருத்தி அதிகாலை மூன்றரைக்கு அதே வீடியோவில் நின்றாலும் அதே கணக்குதான். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு முதலில் அகப்பட்டது அந்த டாக்டர் வீடியோ. இந்த ஃபீட் அகப்பட்டிருந்தால் என்று நினைத்த அன்று அரை மணி நேரத்தை முடிக்காமல் போனை மூடிவைத்தேன்.

இதை நான் பெரிதுபடுத்துவதாகத் தோன்றினால், பிரிட்டனில் 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய மரண விசாரணை 2022இல் முடிந்தது. இணையத்தில் அவள் பார்த்தவற்றின் தீய விளைவும் அவள் இறப்பில் பங்கு வகித்தது என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் தேடிப்போகாத பதிவுகளையும் செயலிகள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன.

தற்கொலை என்ற சொல்லை இந்த வீடியோ உலகத்தில் யாரும் முழுதாக எழுதுவதில்லை. நடுவில் நட்சத்திரக் குறி, இல்லாவிட்டால் 'அன்அலைவ்'. முழுச்சொல்லைப் போட்டால் செயலி வீடியோவை அமுக்கிவிடும் என்ற பயம். இதனால் சொல்லைச் சரியாக எழுதித் தேடுகிறவருக்கு நல்ல வீடியோ கண்ணில் படாமல் போகிறது. இதற்கிடையே எப்படி என்று விவரமே சொல்லும் ஒரு வீடியோ குறியின் மறைவில் ஓடிக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நட்சத்திரம் கொடுக்க வழியிருந்தால் கொடுத்திருப்பேன்.

இத்தனைக்கும் நல்ல வழி தெரியாத விஷயம் இல்லை. வியன்னா ஆய்வாளர் தாமஸ் நீடர்க்ரோட்டந்தாலர் குழு 2010இல் செய்தித்தாள்களை வைத்து ஒன்றைக் காட்டியது. சாக நினைத்து, அந்த நேரத்தை எப்படியோ தாண்டி வந்த ஒருவரின் கதை வெளியானதை ஒட்டி தற்கொலைகள் குறைந்திருந்தன. பாப்பகேனோ விளைவு என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஒரிஜன் நிறுவனம் இளைஞர்களையே கூட்டி உட்காரவைத்து, இணையத்தில் இதைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று 'சாட்சேஃப்' என்ற வழிகாட்டியை 2018இல் வெளியிட்டது. முறையை விவரிக்காதே, ஒரே ஒரு காரணத்தின் மேல் பழியைப் போடாதே, உதவி எங்கே கிடைக்கும் என்று சொல். இதற்கும் பத்து வினாடிதான். ஆனால் உதவி எண் போடும் நல்லவர்களிடமும் ஒரு குறை. எந்த நாட்டு எண் என்று போடுவதில்லை. தமிழ் வீடியோவைப் பார்க்கிறவர் எந்தக் கண்டத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ! ஒரே ஒரு பெண் சரியாகச் செய்தார்: "இப்பவே தப்பா ஏதாவது பண்ணிடுவோம்னு தோணுச்சுன்னா, உங்க ஊர் அவசர எண்ணுக்குப் போடுங்க. அது கையில இல்லையா, பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க."

மூச்சுப் பயிற்சி வகை பரவாயில்லை, தீங்கு குறைவு. கண்ணில் படுவது ஐந்து, தொடக்கூடியது நாலு, காதில் விழுவது மூன்று, மணம் இரண்டு, சுவை ஒன்று என்று எண்ணும் முறையை இன்றும் நான் பயன்படுத்துகிறேன். குறை என்னவென்றால் பளபளக்கும் வட்டம் ஒன்று பெரிதாகிச் சிறிதாகும், அதையே பார்க்கச் சொல்வார்கள். பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வீடியோ கத்தும். 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் நீளமாக மூச்சை விடும் பயிற்சி நன்றாக வேலை செய்தது உண்மைதான், ஆனால் அங்கே தினமும் ஐந்து நிமிடம், ஏறக்குறைய ஒரு மாதம் செய்தார்கள். இருபது வினாடியில் நடக்கிற காரியம் இல்லை. விதிவிலக்காக ஒரு வீடியோ: திரை முழுக்கக் கறுப்பு, குரல் மட்டும். முதல் வாக்கியமே "போனைக் கவிழ்த்து வைங்க". இந்த ஒரு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். லைக் நாற்பதைத் தாண்டவில்லை.

பூப்படத்தின் மேல் 'நீ வலிமையானவள்' வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 'மைண்ட் கோச்'கள் ஒரு தனிச் சந்தை. கோச் என்று போட்டுக்கொள்ள யாரும் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. "மாத்திரை வேண்டாம், மனசு போதும்" என்று ஆரம்பித்தால் அடுத்த வரி இன்பாக்ஸுக்கு வரச் சொல்வதாகத்தான் இருக்கும். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக்கேடு, பதற்றம் எல்லாம் வரலாம், டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இது தெரியாமல் ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவரிடம் கமெண்டில் கேட்டேன். என்னை பிளாக் செய்துவிட்டார். என் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரம் ஆனது. முதல் வாரங்களில் 'ஒன்றும் மாறவில்லையே' என்று விட்டுவிடத் தோன்றும் என்பதை எனக்குச் சொன்னது டாக்டர். ஒரு மாதம் தேடியும் அதைச் சொல்லும் ஒரு வீடியோகூட எனக்குக் கிடைக்கவில்லை. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலேயே மூன்று நிமிடம் வரை இடம் கொடுத்துவிட்டது, ஆகவே இடமில்லை என்ற சாக்கும் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள், டிக்டாக்கில் மனநலம் பேசும் 100க்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2024இல் வெளியிட்டார்கள். சான்றுள்ள தகவல்களைக் கையேடாகக் கொடுத்ததில், கிடைத்தவர்களின் வீடியோக்களில் அந்தத் தகவல்கள் கூடுதலாக வர ஆரம்பித்தன. அதாவது பேசுகிறவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கையில் சரக்கு இல்லை. ஏழு சைன் போட்ட அந்தப் பெண்ணுக்கும் மூன்று நிபந்தனையை எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.

அக்கா மகன் கதையைப் பாதியில் விட்டேன். மூன்று நிபந்தனையையும் அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சித்தி, நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்?" என்றான். எனக்கென்ன தெரியும், அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். பிறகு அம்மாவும் அவனுமாகப் போய்ப் பார்த்த டாக்டரும் அதையேதான் கேட்டாராம், பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளையும் எடுத்துவரச் சொன்னாராம். அவனுக்கு ஏடிஎச்டி இருக்கிறது, இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணி வரை போன் பார்க்கிற பையனுக்குப் பகலில் கவனம் நிற்காததை எந்தக் கணக்கில் சேர்ப்பது, முதலில் ஆறு வாரம் தூங்கிவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது போல. ஆனாலும் அந்த வீடியோ இல்லாவிட்டால் அம்மாவும் பிள்ளையும் அந்த அறையில் உட்கார்ந்தே இருக்க மாட்டார்கள், அதையும் மறைக்கக் கூடாது.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்ற வைப்பதில் 5க்கு 4. என்ன நோய் என்று தெரிந்துகொள்ள 5க்கு 1, அதுவும் அந்த ஓட்டுநருக்காக. அடுத்து தானாக வந்து விழும் வீடியோவுக்கு என்னிடம் நட்சத்திரம் இல்லை.

போன வாரம் என் 38 வினாடி வீடியோவைத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த டாக்டரின் பெயரை அன்று கவனிக்கவில்லை, சேவ் செய்யவில்லை, லைக்கூடப் போடவில்லை. பார்த்து முடித்ததும் செயலியை மூடிவிட்டு, விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எட்டரைக்கு கிளினிக்குக்கு போன் போட்டேன். செயலியின் கணக்கில் அது ஓர் ஆளை வெளியே அனுப்பிவிட்ட வீடியோ.